சிஎஸ்கேஏ மாஸ்கோ: சீருடை மாட்டி வாங்கிய கோப்பைகளா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 8 அக்டோபர் 2023

ஐரோப்பியக் கூடைப்பந்தில் சிஎஸ்கேஏ மாஸ்கோ எட்டு முறை சாம்பியன் என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறார்கள். சோவியத் காலத்தில் மற்ற ஊர்க் கிளப்புகளின் நல்ல ஆட்டக்காரர்களைக் கட்டாய ராணுவச் சேவை என்ற பெயரில் இழுத்துக்கொண்ட கிளப் அது. பிறகு நிக்கல் கம்பெனிப் பணத்தில் ஆட்களை வாங்கினார்கள். இதில் வரலாறு என்று சொல்ல என்ன இருக்கிறது?

9 அக்டோபர்

பாதி சரி. அந்தப் பாதியை முதலில் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

சிஎஸ்கேஏ 1923-இல் சோவியத் ராணுவமான செஞ்சேனையின் விளையாட்டு அமைப்பாகத் தொடங்கியது. பெயர் பல முறை மாறி 1960-இல் இப்போதைய பெயர் நிலைத்தது. சோவியத் ஆண்கள் எல்லோருக்கும் ராணுவச் சேவை கட்டாயம். பந்து பிடிக்கத் தெரிந்த வாலிபன் தன் சேவையைத் துப்பாக்கியோடு செய்யலாம், அல்லது ராணுவக் கிளப்பின் சட்டையோடு செய்யலாம். எந்த ஊரில் செய்வது என்பதை முடிவு செய்வது அவன் கையில் இல்லை. மாஸ்கோ கேட்டால் மாஸ்கோ. 24 சோவியத் பட்டங்கள் இப்படி ஓர் ஏற்பாட்டின் நிழலில் வந்தவை. 1976 முதல் 1984 வரை தொடர்ந்து ஒன்பது. எதிராளிக்கு அலுத்துப்போகும் கணக்கு.

ஆனால் 1961 ஐரோப்பியக் கோப்பையின் இறுதியைப் பாருங்கள். எதிரில் நின்றது ஏஎஸ்கே ரீகா. அதுவும் ராணுவக் கிளப்தான்! 1958, 1959, 1960 என்று போட்டி தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளும் கோப்பை ரீகாவிடம் இருந்தது. பயிற்சியாளர் அலெக்சாந்தர் கோமெல்ஸ்கி. நடுவில் நின்றவர் யானிஸ் குரூமின்ஷ். காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவரை உயரத்துக்காக அழைத்து வந்து ஆட்டம் கற்றுக்கொடுத்தார்கள். சிஎஸ்கேஏ அவர்களை இரண்டு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளியில் 148-128 என்று வீழ்த்தியது. இரு பக்கமும் அதே சீருடை, அதே வசதி. அந்தக் கோப்பையை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

9 அக்டோபர், இரவு

1963-ஐ விட்டுவிட்டேன். மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் 86-69 என்று வென்றது. 17 புள்ளி வித்தியாசம். மாஸ்கோவில் சிஎஸ்கேஏ 91-74. அதுவும் 17. கூட்டினால் 160-160. அடுத்த நாளே அதே ஊரில் மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள், சிஎஸ்கேஏ 99-80. ரியல் ரசிகர்கள் மூன்றாவதும் மாஸ்கோவில் நடந்ததைப் பற்றி முணுமுணுத்தால் நான் குறுக்கே பேச மாட்டேன்.

11 அக்டோபர்

மேலே ஒருவர், நம் ஊரில் ரயில்வேயும் போலீசும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுப்பது போலத்தானே இது என்கிறார். இல்லை. கோட்டாவில் வரும் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊரிலேயே ஆடலாம். அங்கே வேண்டாம் என்றால் எல்லைப் படைமுகாம் காத்திருந்தது. அந்த வேறுபாட்டை மழுப்பிவிட்டுக் கிளப்பைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

இன்னொருவருக்கு: 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் கடைசிக் கூடையைப் போட்ட பெலோவ் சிஎஸ்கேஏ ஆள் கிடையாது. அவர் அலெக்சாந்தர் பெலோவ், லெனின்கிராத் ஸ்பார்ட்டக். களத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அந்தப் பந்தை எறிந்த இவான் எதெஷ்கோதான் சிஎஸ்கேஏ. அன்று சோவியத் அணிக்காக 20 புள்ளி எடுத்த செர்கெய் பெலோவும் சிஎஸ்கேஏ. 51-50 என்ற கணக்கில் இருபது அவருடையது. இரண்டு பெலோவுக்கும் உறவு இல்லை. பயிற்சியாளர் கொந்த்ராஷின்கூட லெனின்கிராத்காரர். கோமெல்ஸ்கிக்கும் அவருக்கும் இருந்த போட்டி தனிக் கதை. 1975-இல் சோவியத் பட்டத்தை சிஎஸ்கேஏ கையிலிருந்து பறித்ததும் அவருடைய ஸ்பார்ட்டக்தான்.

12 அக்டோபர்

செர்கெய் பெலோவ் என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்த முடியாது.

தோம்ஸ்க் பக்கத்துச் சைபீரியர். ஸ்வெர்த்லோவ்ஸ்க்கின் ஊரல்மாஷ் கிளப்பிலிருந்து 1968-இல் மாஸ்கோ வந்தார், 1980 வரை ஆடினார். 1971 ஐரோப்பிய இறுதி ஆன்ட்வெர்ப்பில். எதிரி இத்தாலியின் இக்னிஸ் வரேசே, முந்தைய ஆண்டு சாராயெவோவில் இவர்களை 79-74 என்று வென்ற அதே அணி. அப்போது கோமெல்ஸ்கி சிஎஸ்கேஏவுக்கு வந்துவிட்டார். ஆனால் அவரை நாட்டை விட்டு வெளியே விடவில்லை. இறுதிப் போட்டிக்குப் பயிற்சியாளர் இல்லை. பெலோவே ஆட்டக்காரர், பெலோவே பயிற்சியாளர். 67-53 என்று வென்றார்கள், அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. ஆட்டத்துக்கு நடுவே தன்னைத் தானே வெளியே அழைத்து உட்காரவைக்கும் மனம் எத்தனை பேருக்கு வரும் என்று யோசித்திருக்கிறேன். அவருக்கு அந்தத் தேவை ஏற்படவில்லை போலும்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தீபம் ஏற்றியவர் அவர்தான். 1992-இல் அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழரங்கில் இடம்பெற்ற முதல் வெளிநாட்டு ஆட்டக்காரரும் அவரே. இளைஞர்களுக்கு இந்தப் பெயர் தெரியவில்லை என்பது எனக்கு நிரந்தரமான எரிச்சல்.

12 அக்டோபர், சிறு சேர்க்கை

1969 பார்சலோனா இறுதியும் இருக்கிறது. ரியல் மாட்ரிட்டுடன் இரண்டு கூடுதல் நேரம், 103-99. விளாதிமிர் அந்த்ரேயெவ் 37 புள்ளி. அந்த அணியை நடத்தியவர் அர்மெனாக் அலச்சச்சியான், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த ஆர்மீனியர். ராணுவக் கிளப்பின் பலகையில் எப்படிப்பட்ட பெயர்களெல்லாம் இருக்கின்றன பாருங்கள்.

15 அக்டோபர்

சபோனிஸ் பற்றி, அதாவது லித்துவேனியாவின் ஜால்கிரிஸ் காவ்னஸ் கிளப்பின் நெடிய ஆட்டக்காரரைப் பற்றி, எழுதச் சொல்லி நச்சரிப்பு. கேள்வி கேட்ட நண்பரின் கட்சிக்கு வலுவான சாட்சி அவர்தான். நானே எடுத்துக்கொடுக்கிறேன்.

எண்பதுகளில் ஆர்விதாஸ் சபோனிசை சிஎஸ்கேஏ விரும்பியது. விரும்பாத கிளப் பூமியில் இல்லை, ஆனால் விரும்பியதைச் சட்டப்படி இழுக்கக்கூடிய கிளப் இது. கீயெவ் ஸ்த்ரோய்தெலின் விளாதிமிர் தகாச்சென்கோ, 2.20 மீட்டர் உயரமும் புகழ்பெற்ற மீசையும் கொண்டவர், ஏற்கெனவே மாஸ்கோவுக்கு வந்துவிட்டிருந்தார். சபோனிஸ் வரவில்லை. காவ்னசில் வேளாண் கல்லூரி மாணவராகப் பதிந்துகொண்டார். சபோனிசின் உயரத்துக்கு எந்த வயலில் வேலை என்று கேட்கக்கூடாது.

1985, 1986, 1987 மூன்று ஆண்டும் சோவியத் பட்டம் ஜால்கிரிஸ் காவ்னசுக்கு. மூன்றிலும் தோற்றது சிஎஸ்கேஏ. லித்துவேனியர்களுக்கு அது கூடைப்பந்து மட்டுமாக இருக்கவில்லை. மாஸ்கோவின் ராணுவ அணியைக் காவ்னசில் அடிப்பது என்றால் வெளிப்படையாகச் சொல்ல முடியாத பலவற்றையும் சேர்த்துச் சொல்வது. 1988-இல் சபோனிஸ் காயத்தில் இருந்தபோது சிஎஸ்கேஏ பட்டத்தை மீட்டது. 1990-இல் இன்னொன்று. சோவியத் ஒன்றியத்தின் கடைசிப் பட்டம் 1991-இல் தாலினின் கலேவுக்குப் போனது. மாஸ்கோவுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

16 அக்டோபர்

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். தகாச்சென்கோவை மீசையோடு கடந்துபோய்விட்டேன். கீயெவ் ரசிகனுக்கு அது சிரிப்பான விஷயமாக இருந்திருக்காது. வளர்த்த கிளப்பில் ஒரு பெரிய ஆட்டக்காரன் தன் நல்ல ஆண்டுகளை ஆட வாய்ப்பில்லாமல் போவது ஒரு நகரத்துக்கு என்ன செய்யும் என்பதைப் பட்டங்களின் பட்டியல் சொல்லாது. ஆனாலும் 1989-இல் அதே ஸ்த்ரோய்தெல் சோவியத் சாம்பியன் ஆனது என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

19 அக்டோபர்

இனி ரஷ்யக் காலம். 1992 முதல் 2000 வரை எல்லாப் பட்டமும் சிஎஸ்கேஏ. கையில் காசில்லை, சம்பளம் தாமதம், ஆனால் பழைய பழக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

1995-இல் ஐரோப்பியக் காலிறுதிக்கு ஏதென்ஸ் போனார்கள், ஒலிம்பியாகோசுடன். தங்கிய இடத்தில் ஆட்டக்காரர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் உடல்நிலை கெட்டது. குடிநீரில் ஏதோ கலந்திருந்தது என்று சந்தேகம் கிளம்பியது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. முடிவை நிர்ணயித்த ஆட்டத்தில் நிற்கத் தெம்பிருந்த ஐந்து பேரோடு இறங்கித் தோற்றார்கள். அடுத்த ஆண்டு பாரிசில் ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள் ஒரே ஊரில் மோதும் இறுதிக் கட்டம்) வந்து மூன்றாம் இடம்.

பிறகு எனக்குப் பிடித்த பகுதி. 2001, 2002: பெர்ம் நகரத்தின் ஊரல் கிரேட் சாம்பியன். பயிற்சியாளர் யார்? செர்கெய் பெலோவ். தான் ஆடிய கிளப்பின் நீண்ட ஆட்சியை ஊரல் மலையடிவாரத்திலிருந்து வந்து முடித்துவைத்தார். சிஎஸ்கேஏ பழைய வித்தையைக் கைவிட்டதாக நினைக்கிறீர்களா? பெர்மில் அந்த அணியை உருவாக்கிய செர்கெய் குஷ்சென்கோவையே 2002-இல் மாஸ்கோவுக்கு அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களை இழுத்துப் பழகிய கிளப் இந்த முறை தலைவரையே இழுத்தது. ஆணை இல்லை, சம்பளம் மட்டும்.

22 அக்டோபர்

பணம் பற்றி. நோரில்ஸ்க் நிக்கல் கம்பெனி, அதன் கோடீஸ்வரர் மிகயில் புரோகொரோவ், ஆமாம். பிற்பாடு அமெரிக்காவில் நெட்ஸ் அணியை வாங்கியவரும் அவரே.

ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன், இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான். 2003 முதல் 2019 வரை 17 பருவங்கள். அவற்றில் 16-இல் சிஎஸ்கேஏ ஃபைனல் ஃபோரில் இருந்தது. 2011 ஒன்றுதான் தவறியது. ஐரோப்பாவில் இதற்கு இணையில்லை. அந்த 16-இல் வென்றது நான்கு: 2006, 2008, 2016, 2019. மற்ற பன்னிரண்டு முறை யாரோ ஒருவர் இவர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஆணையும் பணமும் ஒரு கிளப்பை வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே என்ன நடக்கும் என்பது வேறு.

2005-ஐப் பாருங்கள். ஃபைனல் ஃபோர் மாஸ்கோவிலேயே. பருவம் முழுக்கக் கிட்டத்தட்டத் தோல்வியே இல்லை. பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச். அரையிறுதியில் ஸ்பெயினின் தாவு செராமிகாவிடம் சொந்த ஊரில் தோற்றார்கள். அந்த ஆகஸ்டில் கோமெல்ஸ்கி இறந்தார். அடுத்த ஆண்டு எத்தோரே மெசினா வந்து பிராகில் மக்காபி டெல் அவிவை 73-69 என்று வென்றார். 1971-க்குப் பிறகு முதல் கோப்பை, கோமெல்ஸ்கி பார்க்காதது.

22 அக்டோபர், கேள்விக்குப் பதில்

ஆமாம், 2006 அணியின் கிரேக்க ஆட்டக்காரர் பாப்பலூகாஸ் தொடக்க ஐந்தில் இல்லாமல் பெஞ்சிலிருந்து வந்துதான் அந்த இறுதியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். தொடக்க ஐவரைப் பற்றி நம் மக்கள் போடும் சண்டையை நிறுத்த அந்த ஒரு பெயர் போதும்.

26 அக்டோபர்

ரமுனாஸ் ஷிஷ்கௌஸ்கஸ். நீளமாகத்தான் போகும்.

லித்துவேனியர். 2007-இல் ஏதென்சில் நடந்த இறுதியில் அந்த ஊர்க் கிளப்பான பானதினைகோஸ் சட்டையில் சிஎஸ்கேஏவை 93-91 என்று தோற்கடித்த அணியில் இருந்தார். அந்தக் கோடையில் சிஎஸ்கேஏவுக்கு வந்தார். யாரும் சீருடை மாட்டவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் தானாக வந்தார். சபோனிஸ் எந்த வாசலைத் தவிர்க்கக் கல்லூரியில் பதிந்தாரோ அதே வாசல். 2008-இல் மாட்ரிட்டில் மக்காபியை 91-77 வென்று கோப்பை. அலாஸ்காவில் வளர்ந்த ட்ராஜன் லாங்டன் இறுதியின் நாயகன், அந்தப் பருவம் முழுவதற்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது ஷிஷ்கௌஸ்கசுக்கு.

2009 பெர்லின். மறுபடி பானதினைகோஸ். இடைவேளைக்கு முன் 20 புள்ளிக்கு மேல் பின்தங்கி, இரண்டாம் பாதியில் ஒவ்வொன்றாக அரித்தெடுத்து 73-71 வரை வந்தார்கள். கடைசி வீச்சு ஷிஷ்கௌஸ்கஸ் கையில். மூன்று புள்ளி. விழுந்தால் கோப்பை. விழவில்லை.

2012 இஸ்தான்புல். ஒலிம்பியாகோஸ். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியின் முடக்கத்தால் ஆந்த்ரே கிரிலென்கோ வீடு திரும்பிய ஆண்டு. கிரிலென்கோ, தெயோதோசிச், கிர்ஸ்திச் என்று எதிரி பார்த்தாலே தயங்கும் அணி. ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் 53-34. நான் மடிக்கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன், இனி என்ன இருக்கிறது என்று பல் துலக்கப் போய்விட்டேன். திரும்பியபோது ஆட்டம் வேறு ஆட்டமாகியிருந்தது. கடைசிப் பத்து வினாடிக்குள் 61-60, சிஎஸ்கேஏ முன்னே. ஷிஷ்கௌஸ்கஸ் கோட்டில், இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத வீச்சு, ஒன்றுக்கு ஒரு புள்ளி). ஐரோப்பாவில் யாரை அங்கே நிறுத்துவாய் என்று கேட்டால் பயிற்சியாளர்கள் சொல்லும் பெயர்களில் ஒன்று அது. இரண்டும் தவறின. ஒலிம்பியாகோசின் ஸ்பனூலிஸ் உள்ளே புகுந்து தன் அணியின் பிரின்தெசிசுக்குக் கொடுத்தார், பிரின்தெசிஸ் ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டார், 0.7 வினாடி மீதம். 62-61.

அந்த ஆண்டே அவர் ஓய்வு பெற்றார். நானும் கோட்டில் நின்று இரண்டையும் விட்டவன்தான், யாருக்கும் தெரியாத ஒரு மாவட்டப் போட்டியில். அப்போது கைக்கு ஒன்றும் ஆவதில்லை, முழங்காலில்தான் வலு குறைகிறது. அதனால் அவரைத் தோல்வியின் முகமாகக் காட்டும் வீடியோக்களைப் பார்க்க மாட்டேன். 2008 இல்லாமல் 2012 மட்டும் நினைவில் வைப்பது சோம்பேறித்தனம்.

27 அக்டோபர்

ஒருவர் கேட்கிறார்: அப்படியென்றால் இது தோல்விகளின் கிளப்பா? எட்டுக் கோப்பை வைத்திருப்பவர்களைப் பார்த்து இப்படிக் கேட்க இணையத்தில் மட்டும்தான் முடியும்.

30 அக்டோபர்

அரங்கம் பற்றிக் கேட்டவருக்கு. லெனின்கிராத்ஸ்கி சாலையில் இருக்கிறது, 1980 ஒலிம்பிக்கை ஒட்டிக் கட்டியது, இப்போது கோமெல்ஸ்கி பெயரில். சுமார் ஐயாயிரம் இருக்கை, பெரிய பெயருக்குச் சிறிய வீடு. மாஸ்கோவில் படித்த காலத்தில் அங்கே போயிருக்கிறேன். குளிர்காலத்தில் முதலில் குளிர் மேலங்கியை ஒப்படைக்கும் வரிசை, ஆட்டம் முடிந்ததும் அதை வாங்கும் வரிசை, அது கூடுதல் நேரத்தைவிட நீளம். ரஷ்ய லீக்கில் சிறிய ஊர் அணி வந்தால் பாதி அரங்கம் காலி. 40 புள்ளி வித்தியாசத்தில் வெல்வதைப் பார்க்க யார் வருவார்கள்? ஐரோப்பிய ஆட்டம் என்றால் காற்றே வேறு. என் பக்கத்தில் உட்காரும் ஒரு முதியவர் ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் கண்ணை மூடிக்கொள்வார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாஸ்கோவின் கொதிங்கா பகுதியில் 2018-இல் திறந்த மெட்ரோ நிலையத்துக்கே சிஎஸ்கேஏ என்றுதான் பெயர். நடைமேடையில் கூடைப்பந்து வீரனுக்கும் சிலை உண்டு.

2 நவம்பர்

2016-ஐ விட்டால் அநியாயம். மறுபடி பெர்லினில் இறுதி, எதிரி துருக்கியின் ஃபெனர்பாச்சே, அவர்களின் பயிற்சியாளர் ஒப்ரதோவிச். முந்தைய ஆண்டுகளில் அரையிறுதியிலேயே விழுந்து விழுந்து வந்தவர்கள்: 2014-இல் மக்காபியிடம் 68-67, 2015-இல் ஒலிம்பியாகோசிடம் 70-68. சிஎஸ்கேஏவின் பயிற்சியாளர் இட்டூடிஸ். இடைவேளையில் பெரிய முன்னிலை, பிறகு வழக்கம்போல் அது கரைந்தது. கடைசி வினாடிகளில் பின்தங்கியிருந்தபோது தவறிய பந்தை விக்டர் கிரியாபா தட்டி உள்ளே போட்டார். சமன். கூடுதல் நேரத்தில் 101-96. நாயகன் விருது டி கோலோவுக்கு, சரிதான். ஆனால் அந்தத் தட்டல் இல்லாவிட்டால் இஸ்தான்புல்லுக்கு இன்னொரு பெயர் பெர்லின் ஆகியிருக்கும்.

2019 விதோரியா பற்றிக் குறைவாகவே சொல்லலாம். இறுதியில் துருக்கியின் எஃபெசை 91-83, கிளைபர்ன் சிறந்த ஆட்டக்காரர். நன்றாக ஆடினார்கள், வென்றார்கள். நிம்மதியான கோப்பையைப் பற்றி எழுத எனக்கு வராது.

6 நவம்பர்

தவிர்த்துவந்ததைக் கேட்டுவிட்டார்கள். உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில், 2022 பிப்ரவரி இறுதியில், ஐரோப்பியக் கோப்பையை நடத்தும் யூரோலீக் ரஷ்யாவின் மூன்று அணிகளையும் இடைநிறுத்தியது: சிஎஸ்கேஏ, ஸெனித், யூனிக்ஸ். பிறகு அந்தப் பருவத்தின் முடிவுகளே நீக்கப்பட்டன. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பலர் கிளம்பினார்கள், இட்டூடிசும் போனார்.

ராணுவத்தின் பெயரைத் தாங்கிய கிளப்பை இப்போது ரசிக்கலாமா என்பது கேள்வி. தகாச்சென்கோவின் கீயெவ் பற்றி அக்டோபரில் எழுதியதை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது அதை விளையாட்டு வரலாறாக எழுதினேன். இன்று அந்தப் பத்தியை அப்படி மட்டும் படிக்க முடியவில்லை. சட்டையில் உள்ள எழுத்துகளுக்கு வெறும் பழம்பெருமை என்ற அர்த்தம் மட்டும் இருந்த காலம் முடிந்துவிட்டது. எனக்கு ஷிஷ்கௌஸ்கசையும் செர்கெய் பெலோவையும் விட முடியாது. புதிய பருவத்தின் ஆட்டங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். இது கொள்கையா, ஆர்வம் குறைந்ததா என்று என்னையே கேட்டால் இரண்டும் என்பேன்.

7 நவம்பர்

கூடுதல் தகவல் கேட்டவருக்கு: உள்ளூரில் 2022 பட்டம் ஸெனித்துக்கு, 2023 கசானின் யூனிக்சுக்கு. இரண்டு இறுதியிலும் எதிரணி சிஎஸ்கேஏ, இரண்டும் ஏழாவது ஆட்டம் வரை போனவை. 2022-இல் 3-1 என்று முன்னிலையில் இருந்து கோட்டைவிட்டார்கள். ஐரோப்பா இல்லாவிட்டாலும் பழக்கம் போகவில்லை.

10 நவம்பர்

எல்லாக் காலத்துக்குமான சிஎஸ்கேஏ ஐந்து பேரைக் கேட்டால் என் பட்டியல்: பாப்பலூகாஸ், செர்கெய் பெலோவ், ஷிஷ்கௌஸ்கஸ், கிரியாபா, அந்த்ரேயெவ். கிரிலென்கோ எங்கே என்று திட்ட வருபவர்கள் வரட்டும். திறமையில் அவர் கிரியாபாவுக்கு மேல், ஆனால் இந்தக் கிளப்புக்காகக் கடைசி வினாடியில் பந்தைத் தட்டியவர் கிரியாபா. தகாச்சென்கோவை ஏன் எடுக்கவில்லை என்றால், அவரைக் கீயெவின் ஐந்தில் எழுதுவதே நியாயம் என்று தோன்றுகிறது. பாப்பலூகாஸ் தொடக்கத்தில் வேண்டாம், பெஞ்சிலிருந்து வரட்டும் என்றால் லாங்டனைத் தொடங்கவைக்கலாம். பயிற்சியாளர் மெசினாவா கோமெல்ஸ்கியா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பெலோவ் களத்தில் இருக்கும்போது இருவரும் உட்கார்ந்திருக்கலாம்.